தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த கருவி: ஹைடெல்பெர்க் மூளைக்கட்டி வகைப்படுத்தி, ஒரு மதிப்புரை

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய மூளைக்கட்டி வகைப்படுத்தியை, நரம்பு நோயியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2016 டிசம்பரில் இணையத்தில் திறக்கப்பட்ட இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிள்ளையின் தலையில் கட்டி என்று கேட்டு நிலைகுலைந்த பெற்றோர் பலர், "அந்த ஜெர்மன் டெஸ்ட்டை எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா, டாக்டர்?" என்ற கேள்வியோடு வருகிறார்கள். இளம் மருத்துவர்கள் சிலரோ, அது தரும் அறிக்கையில் உள்ள எண்ணை மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அந்தக் கருவிக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு தெளிவு. இது நோயாளி நேரில் சென்று எடுத்துக்கொள்ளும் பரிசோதனை அன்று; ரத்தம் கொடுத்துச் செய்துகொள்ளும் சோதனையும் அன்று. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டித் திசுவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஒரு குறிப்பிட்ட வகை சிப்பில் அளந்து, அதிலிருந்து கிடைக்கும் கச்சாத் தரவுக் கோப்புகள் இரண்டை இணையதளத்தில் ஏற்றினால், கணினி அவற்றை ஆராய்ந்து ஒரு பி.டி.எஃப். அறிக்கையை அனுப்பும். ஆய்வகப் பணி முழுவதும் நம்முடையது. தரவைப் படித்துப் பெயர் சொல்லும் பணி மட்டுமே அவர்களுடையது. சமையல் நம் வீட்டில், ருசி பார்ப்பவர் மட்டும் வெளியூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவினையை மறந்தால், பின்னால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி யாருடையவை என்பதே விளங்காமல் போய்விடும்.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்க, நுண்ணோக்கியின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நூறு வகைகள் உண்டு. அவற்றுள் பலவற்றை ஒரு நோயியல் மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறைதான் பார்ப்பார். பார்க்கும்போதும் அவை தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குழந்தைகளின் கட்டிகளில் நீல நிறச் சாயமேறிய சிறிய வட்டச் செல்கள் அடர்ந்து கிடக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒரே தோற்றம், அடியில் முற்றிலும் வெவ்வேறான நோய்கள். நீண்ட காலம் அவற்றில் பலவற்றை "நடு நரம்பு மண்டலப் பி.நெட்" (முதிராத நரம்புச் செல்கள் போல் தோன்றும் கட்டி) என்ற ஒரே கூடைக்குள் போட்டு வைத்திருந்தோம். 2016இல் ஹைடெல்பெர்க் குழுவினர், அந்தப் பெயரில் பதிவாகியிருந்த 323 கட்டிகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, கணிசமான பகுதி ஏற்கெனவே பெயருள்ள வேறு நோய்கள் என்று தெரிந்தது. எஞ்சியவற்றிலிருந்து அதுவரை யாரும் தனித்து அறியாத நான்கு புதிய வகைகள் வெளிப்பட்டன. அதே ஆண்டில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அந்தப் பழைய பெயரே கைவிடப்பட்டது. ஒரு நோயின் பெயர் அழிந்தது என்று படிப்பவர்களுக்குச் சிறு செய்தியாகத் தோன்றலாம். அந்தப் பெயரின் கீழ் ஒரே மாதிரியான கீமோதெரபியும் மூளை, தண்டுவடம் முழுவதற்குமான கதிர்வீச்சும் பெற்ற குழந்தைகளை நினைத்தால் அது சிறு செய்தி அன்று.

கருவி எதைப் படிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த எழுத்துகளின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு செல் எந்தக் குலத்தில் பிறந்தது, வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் வழி தவறியது என்பதன் தடம் இந்த மெத்திலேற்றத்தில் பெருமளவு தங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் சென்னையில் வாழ்ந்து பேச்சு மாறிப்போன திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் சொந்த ஊர்த் தமிழுக்குத் திரும்பிவிடுவதைக் கண்டிருப்போம். புற்றாக மாறிய செல்லும் அப்படித்தான். உருவம் எவ்வளவு சிதைந்தாலும் பிறந்த ஊரின் பேச்சு அதன் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லுமினா நிறுவனத்தின் சிப்புகள், முதலில் ஏறத்தாழ 4,50,000 இடங்களிலும் பின்னர் 8,50,000க்கும் மேற்பட்ட இடங்களிலும், இந்தப் பேச்சைப் பதிவு செய்கின்றன. பெயர் தெரிந்த கட்டிகளின் பதிவுகளோடு அதை ஒப்பிட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறையில் ஆயிரக்கணக்கான முடிவு மரங்களிடம் வாக்கு கேட்டு, எந்த வகைக்கு எவ்வளவு வாக்கு விழுந்தது என்று கருவி கணக்கிடுகிறது. ஆய்வகங்கள் திசுவைப் பதித்து வைக்கும் சாதாரண மெழுகுக் கட்டையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த திசுவிலும் இது இயலும் என்பது பெரிய வசதி. திசுவை உறையவைத்துப் பாதுகாக்கும் ஏற்பாடு இல்லாத மருத்துவமனைகளுக்கும் இதனால் வாசல் திறந்தது.

டேவிட் கேப்பர், டேவிட் ஜோன்ஸ், மார்ட்டின் சில், ஆண்ட்ரியாஸ் ஃபான் டைம்லிங், ஸ்டெஃபான் ஃபிஸ்டர் உள்ளிட்ட பெருங்குழு 2018 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இந்தச் சேவையின் அடித்தளம். 2,801 கட்டிகளையும் இயல்புத் திசுக்களையும் கொண்டு 82 கட்டி வகைகளையும் 9 இயல்புத் திசு வகைகளையும் கணினிக்குக் கற்பித்தார்கள். பிறகு, அன்றாடம் வந்த 1,104 நோயாளிகளின் திசுக்களில் அதைச் சோதித்தார்கள். 977 கட்டிகளுக்குக் கருவி உறுதியாக ஒரு பெயர் சொன்னது. அவற்றில் 838 நுண்ணோக்கியில் சொன்ன பெயரோடு ஒத்துப்போயின, 139 ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதவற்றை வேறு மூலக்கூறுச் சோதனைகளால் மறுபடியும் துருவியபோது, 129 கட்டிகளில் பழைய பெயரே மாற்றப்பட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு. அனுபவம் மிக்க மையங்களின் நிலையே இது என்பதை அந்த எண்ணைப் படிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் அந்த 129. என் மனத்தில் தங்கியது 127. பெயர் சொல்ல மறுத்து, "பொருத்தமான வகை இல்லை" என்று கருவி திருப்பியனுப்பிய கட்டிகளின் எண்ணிக்கை அது.

அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வகையின் பெயரும் அதற்கெதிரே பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பெண்ணும்தான். 0.9 அல்லது அதற்கு மேல் என்றால் பொருத்தம். அதற்குக் கீழே என்றால் பொருத்தமில்லை. ஓர் எந்திரத்திடம் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடும் என்று பழகிப்போன காலத்தில், இந்த அடக்கம் எனக்கு முதல் நாளிலேயே பிடித்துப்போனது. மனித நிபுணர்களான எங்களுக்கு அது அவ்வளவு எளிதில் வருவதில்லை. மூன்று மூத்தவர்கள் ஒரே ஸ்லைடைப் பார்த்து மூன்று பெயர் சொன்ன கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். மூவரில் ஒருவரும் "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னதில்லை.

ஆனால், அனுபவம் கூடக் கூட நான் முதலில் புரட்டுவது மதிப்பெண் உள்ள பக்கத்தை அன்று. அதன் பின்னால் வரும் குரோமோசோம் வரைபடத்தை. அதே தரவிலிருந்து, எந்தக் குரோமோசோமில் எந்தப் பகுதி கூடியிருக்கிறது, எது இழக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கருவி வரைந்து தருகிறது. தனிக் கட்டணமின்றிக் கிடைக்கும் இந்த ஒரு படத்துக்காகவே சேவையைப் பரிந்துரைக்கலாம். வயது வந்தவர் ஒருவரின் மூளையிலிருந்து ஊசியால் எடுத்த சிறு துணுக்கில், ஆங்காங்கே சிதறிய சில செல்கள் மட்டும் தெரிகின்றன; பார்வைக்குச் சாதுவான, மெதுவாக வளரும் கட்டி. வரைபடத்திலோ ஏழாம் குரோமோசோம் கூடி, பத்தாம் குரோமோசோம் இழக்கப்பட்டு, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு பல மடங்கு பெருகி, கம்பம் போல் எழுந்து நிற்கிறது. ஐ.டி.எச். மரபணுவில் மாற்றமும் இல்லையென்றால், 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அது கிளையோபிளாஸ்டோமா என்ற மிகக் கொடிய மூளைக்கட்டி, நான்காம் தரம். சாது என்று நினைத்து ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒன்றாம் குரோமோசோமின் குறுங்கரமும் பத்தொன்பதாம் குரோமோசோமின் நெடுங்கரமும் சேர்ந்து இழக்கப்படும் ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற கட்டியும் இதே படத்தில் பளிச்சென்று தெரியும். டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மருந்து எந்த அளவுக்குப் பயன்தரும் என்பதை ஊகிக்க உதவும் எம்.ஜி.எம்.டி. மரபணுவின் மெத்திலேற்ற நிலையும் அறிக்கையின் ஒரு மூலையில் இருக்கும்.

குழந்தைகள் பக்கம் வந்தால் பயன் இன்னும் கூர்மையானது. சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியின் ஒரே பெயருக்குள் நான்கு முதன்மைக் குழுக்கள் உள்ளன. வின்ட் குழுவைச் சேர்ந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுவதால், அவர்களுக்குச் சிகிச்சையின் கடுமையைக் குறைக்க இயலுமா என்று ஆய்வுகள் நடந்துவருகின்றன. மூன்றாம் குழுவில், குறிப்பாக மிக் மரபணு பெருகியிருந்தால், நிலைமை நேர்மாறு. பின்மூளைப் பள்ளத்தில் தோன்றும் எபென்டிமோமா என்ற கட்டியில், கைக்குழந்தைகளைத் தாக்கும் ஏ வகையும் வளர்ந்த பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் காணப்படும் பி வகையும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், போக்கில் இல்லை. பிறந்த சில மாதங்களுக்குள் பெருமூளையில் பெரிதாக வளரும் ஒருவகைக் கிளையோமா (மூளையின் துணைச் செல்களை ஒத்த கட்டி), நுண்ணோக்கியில் மிகக் கொடியதாகத் தெரியும், அதில் என்.டி.ஆர்.கே., ஏ.எல்.கே., ராஸ்1, மெட் ஆகிய மரபணுக்களில் ஒன்று வேறொன்றோடு இணைந்திருக்கும், அந்த இணைப்பைக் குறிவைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. கருவி இந்த வகையைச் சொன்னால், இணைப்பைத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையை அடுத்த நாளே அனுப்பிவிடலாம். சில அரிய கட்டிகளுக்கோ மெத்திலேற்றமே அடையாள அட்டை: பைலாய்டு பண்புள்ள உயர்தர ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற, பெரும்பாலும் வயது வந்தோரிடம் காணப்படும் கட்டியை, 2021 வகைப்பாட்டின்படி மெத்திலேற்றச் சோதனை இல்லாமல் உறுதிப்படுத்த வழியே இல்லை.

இனிக் குறைகள். முதலாவது, திசுவில் கட்டிச் செல்களின் விகிதம். பாதிக்கும் மேல் கட்டிச் செல்கள் இல்லையென்றால் கருவி தடுமாறும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு நான் இருந்த ஓர் ஆய்வகத்தில், எந்த மெழுகுக் கட்டையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது என்று குறித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அவசரத்தில் கட்டியின் விளிம்பைக் கொண்ட கட்டையைக் குறித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கை, அது கட்டியே அன்று, இயல்பான பெருமூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) என்றது, அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. கருவி பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததைத்தான் அது படித்தது. சரியான கட்டையிலிருந்து மறுபடியும் செய்ய இன்னும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளையின் தாய் தினமும் கூப்பிட்டு, "சார், ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டதா?" என்று கேட்டதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தாமதம் ஜெர்மனியில் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

இரண்டாவது, காலமும் செலவும். இணையதளம் தன் கணக்கை விரைவில் முடித்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் நாள்களைத் தின்கிறது. 8,50,000 இடங்களைப் படிக்கும் சிப்பில் ஒரே நேரத்தில் எட்டு மாதிரிகள் வைக்கலாம். அரிய கட்டிகள் எட்டெட்டாக வருவதில்லை. எட்டு சேரும்வரை காத்திருப்பதா, காலி இடங்களோடு சிப்பை ஓட்டி நட்டப்படுவதா என்ற கேள்வி ஒவ்வொரு சிறிய ஆய்வகத்திலும் வாராவாரம் எழுகிறது. பெரிய மையங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே, வசதி இருக்கும் இடத்துக்கே வசதி சேர்கிறது.

மூன்றாவது, அது தன் வட்டத்துக்கு வெளியே உள்ளதை அறியாது. பெரியவர்களின் மூளையில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் மிகுதியானவை நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்புகளிலிருந்து பரவியவை. அவற்றை இனங்காண இந்தக் கருவி உருவாக்கப்படவில்லை. நுண்ணோக்கியில் பார்க்காமல் எல்லாவற்றையும் சிப்புக்கு அனுப்பும் ஆய்வகத்துக்கு, "பொருத்தமில்லை" என்ற விலையுயர்ந்த தாள் ஒன்றுதான் மிஞ்சும்.

நான்காவதை நான் குறை என்று சொல்வேன், ஹைடெல்பெர்க்காரர்கள் வளர்ச்சி என்பார்கள். பதிப்புகள் மாறிக்கொண்டே வருகின்றன. முதல் பதிப்புகளில் 91 ஆக இருந்த வகைகளின் எண்ணிக்கை, 7,495 மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட பன்னிரண்டாம் பதிப்பில் 184 உட்பிரிவுகளாக விரிந்துள்ளது; குடும்பம், வகை, உட்பிரிவு என்ற படிநிலையும் வந்திருக்கிறது. படிநிலை வந்தது மிக நல்லது, ஏனெனில் உட்பிரிவில் தயங்கும்போதும் குடும்பத்தையாவது உறுதியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால், ஒரே கட்டி பழைய பதிப்பில் ஒரு மதிப்பெண்ணும் புதிய பதிப்பில் வேறு மதிப்பெண்ணும் பெறலாம். உட்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இணையான பெயர் கிடையாது. பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் மதிப்பெண்ணை மட்டும் நோயாளியின் கோப்பில் எழுதும் வழக்கத்தை நான் பல அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். அதை உடனே நிறுத்த வேண்டும். 0.4 என்ற மதிப்பெண்ணோடு வந்த பெயரை "ஜெர்மன் முடிவு" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்த அறிக்கையையும் ஒரு முறை பார்த்தேன். அந்தப் பக்கத்திலேயே, இது ஆய்வுப் பயன்பாட்டுக்கு என்ற எச்சரிக்கையும் இருந்தது.

மாற்று வழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெதஸ்டா வகைப்படுத்தி என்ற பெயரில் ஒன்றை இயக்குகிறது. என்னை உண்மையில் அசைத்தது நெதர்லாந்தில் உருவான ஸ்டர்ஜன். சிப்பைக் கைவிட்டு, நானோபோர் என்ற கையடக்க வரிசைப்படுத்தும் கருவியில் டி.என்.ஏ. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிடைத்த துண்டு துணுக்குகளை வைத்துக்கொண்டு வகையைச் சொல்லும் முறை அது. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்த 25 நோயாளிகளில் சோதித்து, 18 பேரில் 90 நிமிடங்களுக்குள் சரியான பெயர் சொன்னது என்று 2023இல் நேச்சரில் வெளியானது. எஞ்சிய ஏழு பேரில் போதிய உறுதி கிட்டாததால் அதுவும் வாயை மூடிக்கொண்டது. கட்டியின் கடைசித் துண்டையும் எடுக்க முயன்று பிள்ளையின் பேச்சையோ நடையையோ இழக்கச் செய்வதா, சிறிது விட்டுவைப்பதா என்று அறுவை அரங்கில் நிற்கும் மருத்துவருக்கு, இரண்டு வாரம் கழித்து வரும் எந்த அறிக்கையும் உதவாது. வேகத்தில் ஸ்டர்ஜன் வெல்கிறது. ஆயினும், நிதானமாக உட்கார்ந்து அரிய கட்டியைத் துருவும் வேலைக்கு இன்றும் ஹைடெல்பெர்க்கையே நாடுகிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நுண்ணோக்கித் தோற்றமும் வயதும் கட்டியின் இருப்பிடமும் ஒன்றோடொன்று முரண்படும் எல்லாக் குழந்தைகளுக்கும். இளம் வயதினரின் விளக்கமில்லாத உயர்தரக் கட்டிகளுக்கும். சிகிச்சைக்கு எதிர்பார்த்தபடி இணங்காத, பெயரிலேயே சந்தேகம் எழும் பெரியவர்களுக்கும். தோற்றமும் இரண்டு சாயச் சோதனைகளும் பெயரை உறுதியாகச் சொல்லிவிட்ட கட்டிகளுக்கு இந்தச் செலவு வேண்டாம். பெற்றோருக்கு ஒரு சொல்: மருத்துவமனை மாறும்போது ஸ்கேன் படங்களோடு மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கைத் தாளை எத்தனை முறை படித்தாலும் புதிதாக எதுவும் கிடைக்காது. கட்டையிலிருந்து பத்து ஆண்டு கழித்தும் கேள்வி கேட்கலாம்.

ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த ஒன்று, பதிப்பு மாற்றங்களை நோயாளியின் மருத்துவருக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு நான் பயன்படுத்திய காலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக. அதை நாங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறோம். "பொருத்தமில்லை" என்று வந்த கட்டிகளின் எண்களும், எந்தப் பதிப்பில் ஏற்றினோம் என்ற குறிப்பும் அதில் உள்ளன. கச்சாத் தரவு எங்களிடமே இருப்பதால், புதிய பதிப்பு வரும்போது மறுபடியும் ஏற்றச் செலவில்லை. பன்னிரண்டாம் பதிப்பு வந்த வாரத்தில் பதினொரு கட்டிகளை ஏற்றினோம். நான்குக்குப் பெயர் கிடைத்தது. எஞ்சிய ஏழும் அதே பக்கத்தில், பென்சிலில், அடுத்த பதிப்புக்காக இருக்கின்றன.